சுவரிலிருந்து அளக்க வேண்டிய ரோடு

ரோட்டு வரைபடத்தில் முதல் கோடு நடுவில் விழும். சென்டர் லைன். அதிலிருந்து இரண்டு பக்கமும் வண்டி ஓடும் அகலத்தைக் குறிப்போம். பிறகு மழைநீர் வடிகால். பிறகு மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், தெருவிளக்கு. இத்தனைக்கும் இடம் கொடுத்துவிட்டு, கடைச் சுவருக்கு முன்னால் ஏதாவது மிஞ்சினால் அதில் பிளாட்பாரம் என்று எழுதுவோம். ரோடு டிசைன் வேலைக்கு வருகிற எந்த இளம் எஞ்சினியருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வரிசையைத்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வயல்களுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலைக்கு இந்த வரிசை சரி. புத்தூர் நாலு ரோட்டுக்குச் சரிவராது.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ரோட்டோரம் டேப் பிடித்து நின்றிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை நான் முதலில் அழைத்துக்கொண்டு போவது திருச்சி புத்தூருக்குத்தான். ஒரு வீதியிடம் ஊர் என்னவெல்லாம் கேட்கிறது என்பதை அங்கே அரைநாளில் பார்த்துவிடலாம். உறையூர், தில்லைநகர், வயலூர் ரோடு, அரசு மருத்துவமனை என்று நாலா பக்கமும் போகிறவர்கள் அங்கே வந்துதான் பிரிகிறார்கள். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். 1966 முதல் அங்கே இருக்கும் பிஷப் ஹீபர் கல்லூரிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பேட்டைவாய்த்தலையில் பிரிந்து வரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. அதன் கரையில் குழுமாயி அம்மன் கோயில். மாசித் திருவிழாவில் குட்டி குடித்தல் என்ற சடங்கு நடக்கும் அன்று புத்தூர் மந்தைக்குக் கூட்டம் வந்தால், வண்டிகளெல்லாம் வேறு வழியில் திருப்பிவிடப்படும். ரோடு முழுவதும் மனிதர்களுக்குப் போய்விடும். மறுநாள் காலை பழையபடி ஹாரன் சத்தம். "இந்த ரோட்டில் வண்டியைக் கட்டுப்படுத்தவே முடியாது" என்று கூட்டங்களில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் குட்டி குடித்தல் நினைவுக்கு வரும். ஊர் மனது வைத்தால் எதுவும் நடக்கும். அம்மனுக்காக நடக்கிறது. மற்ற நாள்களில் நடந்து போகிற மனிதருக்காக ஓரளவாவது நடக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

போக்குவரத்துக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். எந்த ரோட்டை அகலப்படுத்துவது, எங்கே சிக்னல் வைப்பது என்ற முடிவெல்லாம் அதில்தான் தொடங்குகிறது. முக்கில் ஆள்களை நிறுத்தி, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று போகிற வண்டிகளைக் கோடு போட்டு எண்ணுவோம். இப்போது கேமரா எண்ணுகிறது. எண்ணிய பிறகு எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுவோம். அந்த அலகு கார். ஒரு கார் என்றால் ஒன்று. பைக் என்றால் அரை. பஸ் என்றால் ஏறத்தாழ மூன்று. இந்தக் கணக்கில் அறுபது பேரை ஏற்றிவரும் டவுன் பஸ்ஸும், காருக்கு ஒருவர் உட்கார்ந்து வரும் மூன்று காரும் ஒன்று. நடந்து போகிறவருக்கு அலகே கிடையாது. வழக்கமான படிவத்தில் அவருக்கு வரிசையும் இல்லை. மருத்துவமனைக்கு எதிரே ரோட்டைக் கடக்க நிற்கிற நூறு பேர் அந்தத் தாளில் சுழி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வரைகிற ரோட்டில் அவர்களுக்கு எப்படி இடம் வரும்?

அதனால் என்னோடு வருகிறவர்களுக்கு நான் தருவது வேறு தாள். யார் நடக்கிறார், எங்கிருந்து எங்கே, கையில் என்ன, எந்த இடத்தில் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டில் இறங்கினார், ஏன் இறங்கினார். கடைசிக் கேள்விதான் முக்கியம். மனிதர்கள் காரணமில்லாமல் ரோட்டில் இறங்குவதில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால் யாரோ வைத்த ஒரு தடை இருக்கும். மின்வாரியப் பெட்டி, கடையின் விளம்பரப் பலகை, ஜெனரேட்டர், உடைந்த மூடி, பைக் வரிசை, ஈரம். மயக்கம் வந்தவர்போல ரோட்டில் நடக்கிறார்கள் என்று வண்டியில் போகிறவர்கள் திட்டுவார்கள். ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுபோகும்.

அரசு மருத்துவமனை இருக்கிற எந்த ரோட்டிலும் விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். இரவு முழுவதும் வார்டுக்கு வெளியே படுத்திருந்தவர்கள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீருக்கும் காபிக்கும் வருவார்கள். அங்கே என்ன விற்கிறது என்று பார்த்தாலே போதும், வருகிறவர்கள் யார், எத்தனை நாள் தங்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். பாய், பிளாஸ்டிக் வாளி, மக், சீப்பு, சோப்பு, பிறந்த குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி, பன், இளநீர், ஆரஞ்சு. அவசரமாகக் கிளம்பி வந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்த சாமான்கள் இவை. இவற்றை விற்கிறவர்களை ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை.

ஒருநாள் நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது ஓர் இளைஞர் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வெளியே ஏதோ ஸ்கேன் எடுக்க. அம்மாவின் மடியில் எக்ஸ்ரே படம் வைத்த பெரிய பழுப்பு உறை. காலில் மாவுக்கட்டு. பிளாட்பாரம் என்று அங்கே இருந்தது வடிகாலின் மேல் அடுக்கிய கான்கிரீட் பலகைகள்தான். இரண்டு பலகைக்கு நடுவே மூன்று விரல் நுழையும் இடைவெளி. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. நேராகப் போய் அதில் உட்கார்ந்துகொண்டது. அம்மா முன்னால் சரிந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"கவரைப் புடிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் வரும்படி பின்பக்கமாக இழுத்தார். நாலு பலகை தாண்டியதும் ஒரு கடையின் சிமெண்டுச் சரிவு குறுக்கே வந்தது. அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. எங்களைப் பார்த்து, "சார், ஒரு கை புடிங்க" என்றார். நானும் உடன் வந்த பையனும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கி ரோட்டில் இறக்கினோம். அங்கிருந்து அவர் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே தள்ளிக்கொண்டே போனார். பின்னால் வந்த பைக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். என்னோடு வந்த பையன் அந்த இடைவெளியை அளந்து எழுதினான். 4 செ.மீ. பலகையின் மேல்மட்டம் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி.

அந்த ஒன்றரை அடியில்தான் எங்கள் தொழிலின் கதை முழுவதும் இருக்கிறது. பிளாட்பாரத்தின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி சொல்கிறது. தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகத் தேவையான அகலம் அது. சரிவு போட்டால் 12க்கு 1. அதாவது 15 செ.மீ. உயரம் ஏற 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும். அதே பிளாட்பாரம் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் சரிவு மட்டுமே 5.4 மீட்டர் வேண்டும். அந்த நீளத்துக்குப் புத்தூரில் யாரிடம் இடம் இருக்கிறது? ஆகவே சரிவு செங்குத்தாகும், அல்லது போடவே மாட்டார்கள். உயரம் தப்பினால் மற்ற எல்லாம் தப்பும்.

உயரம் ஏன் தப்புகிறது? வடிகாலைக் கட்டுகிறவர் தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து மட்டம் வைக்கிறார். அவர் வேலை அதோடு முடிந்தது. அதன்மேல் பலகையைப் போட்டு அதையே பிளாட்பாரம் என்கிறோம். வாசல் தோறும் கடைக்காரரும் வீட்டுக்காரரும் தங்கள் வண்டி ஏறுவதற்குச் சரிவு கட்டிக்கொள்கிறார்கள். நடக்கிறவர் வாசலுக்கு வாசல் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் மூன்றாவது வாசலிலேயே ரோட்டில் இறங்கிவிடுவார். சில ரோடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவார்கள். ஒரு தடவைக்கு 30, 40 மில்லிமீட்டர். நாலைந்து தடவை போட்டால் பிளாட்பார விளிம்பில் இருக்கும் கெர்ப் கல் ரோட்டோடு ரோடாகிவிடும். பைக்குகள் தாராளமாக ஏறும். வீட்டு வாசற்படி ரோட்டைவிடத் தாழ்ந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்கு வரும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகத் தார் போட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். எனக்குத் தெரிந்து ரோட்டு வேலை பற்றி வந்த அரசுக் கடிதங்களில் சாதாரண மக்களின் வாசற்படியை நேராகத் தொட்டது அதுதான்.

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. பிளாட்பாரம் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். வாசலுக்குள் போகிற வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், அதுவும் கெர்ப்பை ஒட்டிய இரண்டடிக்குள். நடக்கிறவரின் மட்டம் வாசலில் மாறக் கூடாது. மேஸ்திரிகளுக்கு இதைத் தாளில் காட்டினால் பிடிபடாது. சாக்பீஸால் தரையில் வரைந்து, ரசமட்டத்தை வைத்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். "அப்ப கார்தான் குதிக்கணும், ஆளு குதிக்கக் கூடாது. அவ்வளவுதானே சார்?" என்று ஒரு மேஸ்திரி கேட்டார். எங்கள் வழிகாட்டிப் புத்தகங்களில் நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தள்ளுவண்டிக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். டேப்பை எடுத்தாலே அவர்கள் முகம் மாறும். மருத்துவமனை ரோட்டில் பழம் விற்கிற ஓர் அம்மா எங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "அளந்து அளந்து எழுதிக்கிட்டுப் போறீங்களே தம்பி, எங்களத் தூக்கப்போறீங்களா?"

"இல்லம்மா. ஒங்களுக்கு எவ்வளவு எடம் வேணும்னுதான் பாக்குறோம்."

"இந்த வண்டி, இந்த ஸ்டூலு. இதுக்கு மேல நான் என்னத்தக் கேட்டேன்?"

அளந்து பார்த்தோம். வண்டி நாலடிக்கு ஆறடி. ஸ்டூலுக்கு ஒன்றரை அடி. பக்கத்தில் நின்ற ஒரு கார் இதைப் போல மூன்று மடங்கு இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் உள்ளே மருந்து வாங்கப் போயிருந்தார். அந்தக் காரை யாரும் ஆக்கிரமிப்பு என்று எழுதவில்லை.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவானது. முதலில் கணக்கெடுப்பு. பிறகு சான்றிதழ். விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 சதவீதம், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சட்டம் இவ்வளவு சொன்ன பிறகு, வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பது டிசைனரின் பொறுப்பு. சின்னக் காரியமாகத் தோன்றும். அதன் பலன் பெரிது. தள்ளுவண்டி ரோட்டைப் பார்த்து நின்றால் பைக்காரர் ரோட்டிலேயே ஒரு காலை ஊன்றி நின்று பழம் வாங்குவார். அவருக்குப் பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் பஸ். அதே வண்டியைக் கெர்ப்பை ஒட்டி, முதுகை ரோட்டுக்குக் கொடுத்து, பிளாட்பாரத்தைப் பார்த்து நிறுத்தினால் வாங்குகிறவர் பிளாட்பாரத்தில் நின்றுதான் வாங்க வேண்டும். ரோடு தடைப்படாது. கெர்ப்பை ஒட்டிய அந்தப் பட்டையிலேயே மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, தள்ளுவண்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டால், சுவருக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவே நடைக்கு நேர் வழி கிடைக்கும். நாலு துறைகள் நாலு இடத்தில் குழி தோண்டி நாலு சாமானை வைப்பதால்தான் அந்த நேர் வழி வளைந்து வளைந்து கடைசியில் ரோட்டில் முடிகிறது.

வியாபாரிகளை மொத்தமாக அகற்றிவிட்டு அகலமான பிளாட்பாரம் போட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் அந்தப் பக்கம் நடப்பதில்லை. வெளிச்சமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. பழக்கார அம்மாவின் பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு மருந்துச் சீட்டோடு தனியாக வருகிற பெண்ணுக்கு அந்த பல்பும் அந்த அம்மாவும் இருப்பதுதான் தைரியம். இதை எந்த எஸ்டிமேட்டிலும் எழுத இடமில்லை.

முக்குகளைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளைச் சுற்றிவரும். தைத் தேர் உத்திர வீதிகளில். தேர் ஓடுகிற வீதியில் யாரும் வாசற்படியை நீட்டிவிட முடியாது. வீதியின் அகலத்தைத் தேரே வந்து சரிபார்த்துவிடும். முக்கில் தேரைத் திருப்புவது எவ்வளவு பெரிய வேலை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டுக்கட்டை போடுகிறவர் ஒவ்வொரு அங்குலமாகத் திருப்புவார். அந்த நிதானத்துக்காகத்தான் முக்கு அவ்வளவு விசாலமாக விடப்பட்டிருக்கிறது. இன்றைய ரோட்டு முக்குகளையும் விசாலமாக வளைத்துவிடுகிறோம், ஆனால் அதில் திரும்புவது தேர் இல்லை. வளைவின் ஆரம் கூடக் கூட வண்டி வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், கடக்கிறவர் நடக்க வேண்டிய தூரமும் கூடும். நாலு ரோடு போன்ற இடத்தில் முக்கைக் குறுக்கி, கெர்ப்பை முன்னால் நீட்டினால் இரண்டும் சரியாகும். பஸ் திரும்புமா என்பது நியாயமான கேள்வி. பஸ் திரும்பும் தடத்தை வரைந்து பார்த்துத்தான் கெர்ப்பை வைப்போம். பஸ் போகாத முக்குகளையும் பஸ்ஸுக்காகவே வளைத்து வைத்திருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நகரமைப்புத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், 1914இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே மதராஸ் மாகாண நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். பின்னர் பிளேக் பரவியிருந்த இந்தோரில் அவர் செய்த காரியம் எங்கள் தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு நாளைக்கு மகாராஜாவாக இருக்க அனுமதி வாங்கினார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருவில் அதிக வீடுகளைச் சுத்தம் செய்து பழுதுபார்த்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டது. ஊர்வலம்தான் வீதியைக் காக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டார். தேரோடும் ஊர்க்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடப்பது பற்றி. சிக்னலில் நடப்பவருக்கு எத்தனை விநாடி என்பதைக் கணக்கிட, ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 14 மீட்டர் ரோட்டுக்கு 12 விநாடி. கல்லூரிப் பிள்ளைக்கு இது தாராளம். பிரசவமாகி ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணுக்கும், அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துவரும் மாமியாருக்கும் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் வரும். அவர்களுக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். மருத்துவமனை ரோட்டில் அவர்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நேரம் கொடுக்க முடியாவிட்டால் நடுவில் நின்று மூச்சுவாங்கவாவது இடம் கொடுக்க வேண்டும். மீடியனில் கடக்கிற இடத்தில் மட்டும் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தரை மட்டத் திட்டு. இப்போது பல ரோடுகளில் மீடியன் என்பது ஒரு அடி அகலக் கான்கிரீட் சுவர். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறிக் குதிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வேகத்தடை விஷயத்தில் மருத்துவமனை ரோடு மிகவும் நுணுக்கமானது. எலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் படுத்து வருகிறவருக்கு ஒவ்வொரு மேடும் நரகம். ஆனால் மேடு இல்லாவிட்டால் வண்டிகள் நிற்காது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் போகலாம். நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுவது ஒரு முழ அகலத்தில் தார்க் குவியல். என் தேர்வு பிளாட்பார உயரத்திலேயே அகலமாகப் போடும் மேட்டுக் கிராசிங். நடப்பவர் இறங்கவே வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்கும். ஆம்புலன்ஸ் நீண்ட சரிவில் ஏறுவதால் உள்ளே இருப்பவருக்கு அதிர்வு குறைவு.

வேகத்தின் கணக்கு கொடுமையானது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்சம் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர்கள் எல்லோருக்கும் வீட்டில் யாரோ சமைத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

பெரிய ரோட்டின் வேகம் பக்கத்துத் தெருக்களிலும் பாயும். நாலு ரோட்டில் நெரிசல் என்றால் குறுக்குத் தெருக்கள் குறுக்குவழி ஆகிவிடும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் மூன்று தெருக்களை டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் ஆராய்ந்து 1981இல் புத்தகமாக எழுதினார். போக்குவரத்துக் குறைந்த தெருவில் இருந்தவர்களுக்கு, நெரிசலான தெருவில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி அவர் இறந்துபோனார். அவர் நட்பை எண்ணினார். நம் தெருக்களில் நான் பார்ப்பது கோலத்தை. வண்டி அதிகமான தெருவில் கோலம் வருடத்துக்கு வருடம் சுருங்கி, ரோட்டிலிருந்து வாசற்படிக்கு ஏறி, கடைசியில் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டுவிடும். குனிந்து கோலம் போடுகிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் பயம் இருந்தால் புள்ளி எப்படிக் கூடும்?

நம்மால் முடியாதது என்று இதில் எதுவும் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதப்பட்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைவீதி திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன்னால் சில நாள்கள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று பயந்தார்கள். இன்று அங்கே மாலையில் தாத்தாக்களும் பேரன்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் புத்தூரைப் பாண்டி பஜார் ஆக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஷாப்பிங் வீதி. இது நோயாளியும் மாணவரும் கூலித் தொழிலாளியும் பஸ் பிடிக்கிற வீதி. இதற்குக் கிரானைட் பெஞ்சு அவசரமில்லை. வேண்டியது ஒரே மட்டம், நிழல், பஸ் நிற்கும் இடம், பாதுகாப்பாகக் கடக்க வழி, கழிப்பறை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு பஸ்ஸுக்காக நிற்கும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் நிற்கிற தரை மட்டும் மாறவில்லை. பஸ் ஒதுங்குவதற்கென்று பிளாட்பாரத்தை வெட்டி எடுத்த இடங்களில் ஆட்டோக்கள் நிற்கின்றன. பஸ் ரோட்டின் நடுவிலேயே நிற்கிறது. அந்த வெட்டை மூடி, பிளாட்பாரத்தைப் பஸ் வரைக்கும் நீட்டிவிடுவதே நல்லது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. நடக்கிறவர் கேட்பது சலுகை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பு தானாக ரோட்டுக்கு வராது. எஸ்டிமேட் வழியாகத்தான் வர வேண்டும்.

எஸ்டிமேட்டில் பிளாட்பாரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். மண் வேலை, ஜல்லி, தார், வடிகால், பெயிண்ட் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில். விலை ஏறினாலோ, நிலத்தடியில் எதிர்பாராத குழாய் வந்தாலோ, பணம் பற்றாமல் போனாலோ முதலில் வெட்டுப்படுவது அந்தக் கடைசிப் பக்கம். தாரை யாரும் வெட்டுவதில்லை. இதற்கு நான் கண்ட வழி, பிளாட்பாரத்தையும் கிராசிங்கையும் தனி எஸ்டிமேட்டாகப் போடுவது. வரைபடமும் தனி. முதல் கோடு கடைச் சுவரில். அங்கிருந்து 1.8 மீட்டர் நடை, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. அடுத்து மரமும் கம்பமும் தள்ளுவண்டியும். அடுத்து கெர்ப். மிச்சம் இருக்கிற அகலத்தில் எத்தனை தடம் ஓட முடியுமோ அத்தனை. ஒரு பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர். மெதுவாகப் போகிற ரோட்டில் 3 மீட்டர் தடம் போதும். மூன்றரை, நாலு என்று தாராளமாக விட்ட தடங்களைச் சரியாக அளந்தாலே பல ரோடுகளில் ஒரு பிளாட்பாரம் கிடைத்துவிடும், ஒரு கட்டடத்தைக்கூட இடிக்காமல்.

இன்னொன்றும் செய்யச் சொல்கிறேன். சில ஊர்களில் கேட்கிறார்கள், சில ஊர்களில் கேட்பதில்லை. காண்ட்ராக்டருக்குக் கடைசிப் பில் பாஸ் பண்ணுவதற்கு முன்னால் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, பொறுப்பு எஞ்சினியரே ஆளை உட்காரவைத்து, பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். எந்த மூடியில் சக்கரம் மாட்டியது, எந்தச் சரிவில் மூச்சு வாங்கியது, எந்தக் கம்பத்தில் கை இடித்தது என்று எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுத வேண்டும். அவை சரியான பிறகு மறுபடி ஒரு நடை. அதற்குப் பிறகு கையெழுத்து.